15 வயசு தாண்டிய காருக்கு ஒரு நல்ல மெக்கானிக்

எங்கள் வீட்டு சான்ட்ரோ ஜிங் 2009-இல் வாங்கியது. போன சித்திரையில், சென்னை பல்லாவரம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் மளமளவென்று ஏறியது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, பக்கத்தில் கண்ணில் பட்ட ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் தூக்கி இரண்டு நிமிடம் பார்த்த ஆள், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார். ஹெட்டை இறக்கணும். 22,000 ஆகும்" என்றார்.

மனசு ஒப்பவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, நண்பர் சொன்ன குரோம்பேட்டை ஷெட்டுக்குப் போனேன். அந்தத் தம்பி இன்ஜின் முழுசாக ஆறும்வரை எதையும் தொடவில்லை. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார்; கேஸ்கெட் போயிருந்தால் வரும். வரவில்லை. ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் தடவினார். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அது பால் டீ நிறத்துக்கு மாறும். அந்த நிறம் அங்கே இல்லை. பின்னால் போய்ச் சைலன்ஸர் புகையைப் பார்த்தார். வெள்ளையாக எதுவும் இல்லை. கடைசியில் ஏசியைப் போடச் சொன்னார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை. ஃப்யூஸ் பெட்டியில், ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே இருந்த இடத்தில், அதே அளவுள்ள இன்னொரு ரிலேயைப் பிடுங்கிச் செருகினார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. "ரிலே தாண்ணே. ஹெட்டு நல்லா இருக்கு."

புது ரிலே 300 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் அவர் முக்கால் மணி நேரம் செலவழித்திருந்தார். லேபர் எவ்வளவு என்று கேட்டபோது தயங்கினார். அந்தத் தயக்கத்தில்தான் நம் ஊர் கார் வேலையின் அடிப்படைக் கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. பார்ப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை, மாற்றுவதற்குத்தான் கொடுக்கிறோம். அப்படியிருக்கும்போது எதையாவது மாற்றினால்தான் மெக்கானிக் வீட்டில் அடுப்பு எரியும். மெக்கானிக் தேடும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: "என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க, பார்க்கிறதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் ஒரு ஆள் எப்படி மாறுகிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எங்கே விடுவது என்ற கேள்விக்கு வருவோம். வாரன்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், அதில் குழப்பமே இல்லை. வண்டிக்கு 10 வயதைத் தாண்டிய பிறகு அங்கே ஒரு சிக்கல் வருகிறது. உங்களிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர் ஒருவர், ஸ்பேனர் பிடிப்பவர் இன்னொருவர். "கிளட்ச் மிதிக்கும்போது ஒரு சத்தம்" என்று நீங்கள் சொன்னது ஜாப் கார்டில் இரண்டு வார்த்தையாகச் சுருங்கி உள்ளே போகும். பழைய வண்டியின் கோளாறு அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்காது. போதாக்குறைக்கு இன்ஜின் ஃப்ளஷ், ஆன்டி ரஸ்ட், ஏசி கிளீனிங் என்று பில் நீளும். ஆனாலும் சாவி தொலைந்து புதுசாக புரோகிராம் செய்ய வேண்டும், ஏர்பேக் விளக்கு அணையவில்லை, கம்பெனியே ரீகால் அறிவித்திருக்கிறது என்றால் யோசிக்காமல் கம்பெனிக்கே போங்கள். ஷெட்டில் ஏர்பேக்கைப் பிரிக்க விடாதீர்கள்.

எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் மல்டி பிராண்ட் ஒர்க் ஷாப்புகள் பேட்டரி, டயர், அலைன்மென்ட், ஏசி கேஸ் மாதிரி வேலைகளுக்குப் போதும். ஆனால் மெக்கானிக்குகள் அடிக்கடி மாறுவார்கள். போன தடவை வண்டியைப் பார்த்தவர் இந்தத் தடவை இருக்க மாட்டார். வீட்டுக்கே வந்து செய்கிறவர்களால் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க முடியாது. ஆயில், பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய குடும்பக் காருக்கு நான் தேர்ந்தெடுப்பது, கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டவரை. அதிலும் உங்கள் வண்டியின் கம்பெனியிலேயே இருந்தவர் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஷெவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு ஆள் இன்னும் அவசியம். எந்த ஸ்பேர் எங்கே கிடைக்கும், எது கிடைக்காது என்பது அவருக்குத்தான் அத்துப்படி.

இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எந்த ஷெட்டுக்காரர் ஒரிஜினல் கேட்டு வாங்குகிறார், யார் "இருக்கறதுல கம்மியா கொடு" என்கிறார் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். ஒரு வைப்பர் பிளேடு வாங்கும் சாக்கில், கூட்டமில்லாத மத்தியான வேளையில் பேச்சுக் கொடுங்கள். "சான்ட்ரோ யாரு நல்லா பார்ப்பாங்கண்ணே?" என்றால் இரண்டு பெயர் சொல்வார். அதே மாடல் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரியுங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் போய்ப் பார்க்கலாம்.

ஷெட்டுக்கு முதலில் வண்டி இல்லாமல் போங்கள். தூசி படிந்து, டயரில் காற்று இறங்கிப் பல வண்டிகள் நின்றால், பெரும்பாலும் பிரித்துவிட்டுப் பூட்ட முடியாமல் கிடப்பவை அவை. வண்டிக்கு அடியில் ஆள் படுத்திருக்கும்போது ஜாக்கி மட்டும் இருக்கிறதா, ஸ்டாண்டும் முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்யும் பையனின் உயிரைப் பற்றிக் கவலைப்படாத ஷெட்டில் என் வண்டியை விட மாட்டேன். கழற்றிய போல்ட்டுகள் தட்டில் வரிசையாக இருக்கின்றனவா, தரையில் சிதறிக் கிடக்கின்றனவா? ஹெட் வேலை எடுக்கிறவர் என்றால், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரென்ச் இருக்கிறதா? "நின்னு பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கூடாது என்று கறாராகச் சொன்னால் திரும்பி விடுங்கள்.

முதல் வேலையைச் சின்னதாகக் கொடுங்கள். ஆயில் சர்வீஸும் முன் பிரேக் பேடும் போதும். ஆயில் கேனின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பேடு மாற்றும்போது காலிப்பர் பின்னைத் துடைத்து கிரீஸ் தடவுகிறாரா என்று கவனியுங்கள். கேட்காமலேயே அதைச் செய்கிறவர், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலையைச் சுத்தமாகச் செய்வார். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பேரை நாமே வாங்கிக் கொடுப்பதா, அவரிடமே விடுவதா? அவரிடமே விடுங்கள். நாம் வாங்கிக் கொடுத்தது சரியில்லை என்றால் அவர் பொறுப்பேற்க மாட்டார். அட்டைப் பெட்டியும் கடை பில்லும் கைக்கு வர வேண்டும், பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். பழைய ஸ்பேர் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, லைட் வாங்கலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒருபோதும் பழையதில் வாங்காதீர்கள்.

ஆளைச் சோதிக்க ஒரு கேள்வி உண்டு, டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளுக்கு: "பெல்ட் எப்ப மாத்தினது?" என்று அவராகக் கேட்கிறாரா? எங்கள் சான்ட்ரோ மாதிரி வண்டிகளில் அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வுகள் வளைந்துவிடும். அப்போது உண்மையாகவே ஹெட்டை இறக்கும் வேலை வரும். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் மாற்றச் சொல்கிறவர் காசு பிடுங்குவதாக நினைக்காதீர்கள். அதே மாதிரி, வண்டிக்கு 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது லைட், ஹேண்ட் பிரேக், புகை எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்து அனுப்புகிறவர் உங்களுக்கு வேண்டும்.

லேபரில் பேரம் பேசாதீர்கள். வேண்டுமானால் ஸ்பேர் விலையை நாலு கடையில் விசாரியுங்கள். லேபரில் 200 ரூபாய் குறைத்தால், அடுத்த முறை பார்க்கும் நேரத்தில் அவர் அதைக் குறைத்துக்கொள்வார்.

குரோம்பேட்டைத் தம்பிக்கு அன்று பார்த்ததற்கென்று 500 ரூபாய் கொடுத்தேன். வண்டியின் டேஷ்போர்டில் இப்போது ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை எல்லாம் அவர் கையெழுத்தில். போன மாதம் லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். மாற்றிவிடச் சொன்னேன். "இன்னும் 5,000 ஓடும்ணே, தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார்.