முக்கனியில் முதற்கனி

பாடம் 6 (உரைநடை)

கற்றல் நோக்கங்கள்

• மாங்கனியைப் பழுக்க வைத்தல், இனிப்பாக்குதல், உலர்த்திக் காத்தல் ஆகியவற்றைத் தமிழில் விளக்குதல்.
• காயின் பல நிலைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.
• ‘மா’ என்னும் மரப்பெயர் பிற சொற்களோடு புணரும் முறையை உணர்தல்.

நுழையும் முன்

சென்ற பங்குனியில், ஊரிலிருந்து வந்த ஒரு சிறு சாடியை வகுப்பறை மேசைமீது வைத்து, “இதில் இருப்பது என்ன?” என்று கேட்டேன். “சின்ன மாமிடிகாய ஊறுகாய்” என்றாள் ஒரு மாணவி. அவளுடைய பாட்டி கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஆண்டுதோறும் அதைப் போடுகிறவர். பேத்தியின் நாவுக்கு அந்தச் சுவை நன்றாகத் தெரியும். ‘மாவடு’ என்ற பெயர்தான் தெரியவில்லை. சுவை ஒரு தலைமுறையைத் தாண்டி வந்துவிட்டது. சொல் பாதி வழியில் நின்றுவிட்டது. அதை அழைத்து வருவதற்காகவே இந்தப் பாடம்.

1. நாம் வாழும் மாம்பழ நாடு

சாந்திபுரம், குப்பத்தை அடுத்த ஊர். ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மூலையில் இப்பகுதி அமைந்துள்ளது. நம்மில் பலருடைய பெற்றோர் பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள். ஆயினும் தமிழ் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, சித்தூர் நகரமே வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும், கோட்டின் இருபுறமும் மாமரங்கள் ஒன்றுபோலவே காய்க்கின்றன.

சித்தூர் மாவட்டத்தில் மிகுதியாக விளைவது தோத்தாபுரி. ‘தோத்தா’ என்பதற்கு இந்தி மொழியில் கிளி என்பது பொருள். காயின் நுனி கிளியின் அலகுபோல் வளைந்திருப்பதைக் கண்ட தமிழர், அதனைக் கிளிமூக்கு மாங்காய் என்றனர். பெங்களூரா என்ற பெயரும் அதற்கு உண்டு. இரு மொழியினரும் ஒரே காயைப் பார்த்து ஒரே பறவையை நினைத்திருப்பது வியப்பன்றோ! இதனோடு பங்கனப்பள்ளி, நீலம், செந்தூரா, மல்கோவா, இமாம் பசந்து முதலிய வகைகளும் கோடையில் சந்தைக்கு வருகின்றன. பங்கனப்பள்ளி மாம்பழம் 2017ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

நறுக்கி உண்பதற்குப் பங்கனப்பள்ளியை நாடும் மக்கள், கூழ் எடுப்பதற்குத் தோத்தாபுரியையே நாடுகின்றனர். அது மிகுதியாகக் காய்க்கும், சதை நிறைந்திருக்கும். சித்தூர் வட்டாரத்து ஆலைகளில் எடுக்கப்படும் கூழ் கடல் கடந்தும் செல்கிறது.

2. மலையில் ஓர் உறவினர்

பீச் என்னும் பழத்தைச் சிலர் கோடைக்கானலிலோ உதகையிலோ கண்டிருப்பீர்கள். தமிழில் அதனைக் குழிப்பேரி என்பர். அதன் அறிவியற்பெயர் பாரசீக நாட்டைச் சுட்டினாலும், அதன் பிறப்பிடம் சீனம். இமாசலப் பிரதேசத்தின் ராஜ்கட் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைத்தாலன்றிக் குழிப்பேரி மரம் நன்கு பூப்பதில்லை. ஆகவே அது மலையில் வாழ்கிறது. வெப்பத்தை விரும்பும் மா, சமவெளியில் வாழ்கிறது.

இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள் அல்ல. எனினும் கனியின் அமைப்பில் ஒத்தவை. மெல்லிய தோல், சாறுள்ள சதை, நடுவே கடினமான ஓட்டுக்குள் விதை ஆகியவை இரண்டிலும் உள்ளன. இத்தகைய கனியை உள்ளோட்டுச் சதைக்கனி என்று தாவரவியலில் கூறுவர். மலைநாட்டார் கோடையில் குழிப்பேரியைக் கொண்டு செய்யும் இனிப்பை நாம் மாங்கனியைக் கொண்டு செய்கிறோம். அவரவர் மண் தருவது அவரவர் கலத்தில்.

3. பழுத்ததும் வெம்பியதும்

இனிப்பின் சுவை அடுப்பில் தொடங்குவதில்லை. பழம் பழுக்கும் முறையில் தொடங்குகிறது. முற்றிய காயைப் பறித்து வைக்கோலில் புதைத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். பழுக்கும் காய் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு அருகிலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டுகிறது. வைக்கோல் அவ்வாயுவையும் வெதுவெதுப்பையும் சிதறவிடாமல் காக்கிறது. காய்களுக்கு இடையே ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தாலும் இதே பயன் விளையும்.

விரைந்து விற்பதற்காகக் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு பழுத்தவற்றில் தோல் மஞ்சளாக இருந்தாலும், உள்ளே புளிப்பும் கடினமும் நீங்காமல் இருப்பதுண்டு. முற்றாத நிலையிலேயே சூட்டினால் பழுத்ததைத் தமிழர் ‘வெம்பல்’ என்றனர். நல்ல பழத்தைக் கண்டறிய நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காம்பு இருந்த இடத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே மணம் இருக்க வேண்டும்.

காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாகக்கூடும். ஆதலால் பழங்களை நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்கு கழுவியபின் நறுக்குதல் நலம்.

4. மாம்பழப் பாயசம்

தேவையானவை: பால் 750 மில்லி லிட்டர், ஜவ்வரிசி 50 கிராம், சர்க்கரை 75 கிராம், நன்கு பழுத்த மாம்பழக் கூழ் 2 கோப்பை, ஏலக்காய் 3, முந்திரி 10, நெய் ஒரு தேக்கரண்டி.

செய்முறை:

1. ஜவ்வரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும்.
2. இரண்டு கோப்பை நீரைக் கொதிக்கவிட்டு, ஜவ்வரிசியை இட்டுக் கண்ணாடிபோல் தெளியும்வரை வேகவைக்க வேண்டும்.
3. காய்ச்சிய பாலைச் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறி, சற்றே கெட்டியாகும்வரை மெல்லிய தீயில் வைக்க வேண்டும்.
4. சர்க்கரையையும் பொடித்த ஏலக்காயையும் இட்டுக் கரைந்ததும் இறக்கிவிட வேண்டும்.
5. முற்றிலும் ஆறிய பிறகே மாம்பழக் கூழைக் கலக்க வேண்டும்.
6. நெய்யில் வறுத்த முந்திரியைத் தூவி, குளிரவைத்துப் பரிமாறலாம்.

ஐந்தாம் படியில் அவசரம் கூடாது. மாம்பழத்தில் அமிலம் உண்டு. சூடான பாலில் அமிலம் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். மேலும், கூழைக் கொதிக்கவிட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். நார் மிகுந்த பழமாயின், கூழைச் சல்லடையில் வடித்துக்கொள்ள வேண்டும். அடுப்பருகே செய்யும் வேலைகளைப் பெரியவர் துணையோடு செய்க.

5. வெயிலில் ஓர் இனிப்பு

பாயசம் ஒரு நாள் இனிப்பு. மழைக்காலம் வரை இருக்கும் இனிப்பு ஒன்றும் உண்டு. அதுவே வெயிலில் உலர்த்திய மாம்பழக் கூழ்த்தகடு. தெலுங்கில் இதனை ‘மாமிடி தாண்ட்ரா’ என்பர்.

ஒரு கிலோ கூழுக்கு 150 முதல் 200 கிராம் வரை வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, கெட்டியாகும்வரை கிளற வேண்டும். நெய் தடவிய தட்டில் அதனை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். மேலே வெள்ளை மெல்துணி கட்டி, நல்ல வெயிலில் வைக்க வேண்டும். முதற்படலம் உலர்ந்தபின் அதன்மேல் அடுத்த படலத்தை ஊற்ற வேண்டும். இவ்வாறு மூன்று, நான்கு நாள்கள் செய்தால் தடித்த தகடு கிடைக்கும். பிறகு அதைத் துண்டுகளாக்கி, ஈரமில்லாத சாடியில் இட்டு மூடி வைக்கலாம்.

இது ஏன் எளிதில் கெடுவதில்லை? உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர நீர் வேண்டும். வெயில் நீரின் பெரும்பகுதியை நீக்குகிறது. எஞ்சிய நீரைச் சர்க்கரை தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. நுண்ணுயிருக்கு நீர் கிட்டுவதில்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் வெயிலையும் இனிப்பையும் கொண்டே இதனைச் செய்து காட்டினர்.

6. இனிப்பின் விலை

2025ஆம் ஆண்டுக் கோடையில் சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி விலை மிகவும் வீழ்ந்தது. காய்களை ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளின் வாயிலில் நீண்ட வரிசையில் காத்து நின்றன. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என விலை குறித்தது. அதில் 8 ரூபாயை ஆலைகள் தர வேண்டும். 4 ரூபாயை அரசு தரும் என்பது ஏற்பாடு.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு டன் காய்க்கு அரசின் 4 ரூபாய் சேர்ந்தால் 12,000 ரூபாய். சேராவிட்டால் 8,000 ரூபாய். உரம், நீர், பறிப்புக்கூலி, வண்டி வாடகை அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். பறிப்புக்கூலி என்னும் சொல்லுக்குப் பின்னால் உங்களுள் சிலருடைய தந்தையும் தாயும் இருக்கக்கூடும்.

வீட்டில் செய்யும் பாயசத்தாலோ கூழ்த்தகட்டாலோ இச்சிக்கல் தீர்ந்துவிடாது. ஆனால் காயாக விற்றால் சில நாள்களே தாங்கும் கனி, கூழாகவோ தகடாகவோ மாறினால் பல மாதங்கள் தாங்குகிறது. விற்பவர் தமக்கேற்ற நாளுக்காகக் காத்திருக்க முடிகிறது. காத்திருக்கும் வலிமையே உழவருக்கு வேண்டிய வலிமை. கனியைக் காக்கும் கலையை அறிதல் அதற்கு முதற்படி.

அதுபோலவே சொல்லும். பயன்படுத்தாத சொல் பறிக்காத பழம்போல் உதிர்ந்துபோகும். நாள்தோறும் நாவில் வைத்துக் காத்தால், அடுத்த தலைமுறைக்கும் சாடியில் இருக்கும்.

சொல்வளம்

பிஞ்சு வகைகள்: வடு – மாம்பிஞ்சு, மூசு – பலாப்பிஞ்சு, கச்சல் – வாழைப்பிஞ்சு, குரும்பை – தென்னை, பனை முதலியவற்றின் இளம்பிஞ்சு, கவ்வை – எள்பிஞ்சு.

கெட்டுப்போன காய், கனி வகைகள்: வெம்பல் – சூட்டினால் பழுத்த பிஞ்சு, சூம்பல் – நுனியில் சுருங்கிய காய், சிவியல் – சுருங்கிய பழம், அளியல் – குளுகுளுத்த பழம்.

இவற்றைத் தொகுத்துக் காட்டியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர்.

உடன்பிறந்த மொழி

தெலுங்கு நமக்கு அயலார் மொழி அன்று, உறவினர் மொழி. ஒப்பிட்டுப் படியுங்கள்.

காய – காய்
பண்டு – பழம்
பாலு – பால்
பெல்லம் – வெல்லம்
உப்பு – உப்பு

இலக்கணம் அறிவோம்

‘மா’ என்னும் மரப்பெயருக்குப் பின் வல்லின எழுத்து வந்தால், அதற்கு இனமான மெல்லின எழுத்து தோன்றும்.

மா + காய் = மாங்காய்
மா + சோலை = மாஞ்சோலை
மா + தளிர் = மாந்தளிர்
மா + பழம் = மாம்பழம்

வல்லினம் அல்லாத எழுத்து வந்தால் மெல்லினம் தோன்றாது. எடுத்துக்காட்டு: மாவடு, மாமரம். பலா, வாழை ஆகியவற்றில் வல்லினமே மிகும். எடுத்துக்காட்டு: பலாப்பழம், வாழைப்பழம்.

பயிற்சி

அ. சேர்த்து எழுதுக.
1. மா + கனி = ________
2. மா + தோப்பு = ________
3. மா + சாறு = ________
4. மா + பிஞ்சு = ________

ஆ. பொருத்துக.
1. மூசு – அ. குளுகுளுத்த பழம்
2. அளியல் – ஆ. வாழைப்பிஞ்சு
3. கச்சல் – இ. குழிப்பேரி
4. பீச் – ஈ. பலாப்பிஞ்சு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தோத்தாபுரியைக் கிளிமூக்கு மாங்காய் என்பது ஏன்?
2. குழிப்பேரி சாந்திபுரத்தில் விளையாமல் கோடைக்கானலில் விளைவதற்குக் காரணம் யாது?
3. சூடான பாலில் மாம்பழக் கூழைக் கலக்கலாகாது. ஏன்?

ஈ. கணக்கிட்டு, விடையைத் தொடராக எழுதுக.
உழவர் ஒருவர் 3 டன் தோத்தாபுரியை ஆலைக்குத் தருகிறார். ஆலை தரும் தொகை எவ்வளவு? அரசு தரும் தொகை எவ்வளவு? இரண்டும் சேர்ந்து எவ்வளவு?

உ. பத்து வரிகளில் எழுதுக.
“காத்திருக்கும் வலிமையே உழவருக்கு வேண்டிய வலிமை.” இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஊ. செயல்திட்டம்
உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ, அவர் சிறுவயதில் கோடையில் உண்ட ஓர் இனிப்பின் செய்முறையைக் கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். உங்களுக்குப் பொருள் தெரியாத சொற்களின்கீழ்க் கோடிட்டு வாருங்கள். அச்சொற்களைக் கொண்டு வகுப்பில் நம் சொந்த அகராதியைத் தொடங்குவோம். அதன் முதற்சொல் ‘மாவடு’ என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன்.