விபிஎன் போட்டதும் டீம்ஸ் திணறுகிறதா?

ஸ்பிளிட் டனலிங் இருந்தால் கம்பெனி சர்வருக்கான போக்குவரத்து மட்டும் விபிஎன் டனலில் போகும். டீம்ஸ், அவுட்லுக் எல்லாம் வீட்டு இணைப்பில் நேராகப் போகலாம். அப்படியும் சுற்றிக்கொண்டே இருந்தால்:

1. விபிஎன்னைத் துண்டித்து, மெதுவாகத் திறந்த அதே கிளவுட் ஃபைலைத் திறந்து பாருங்கள். அப்போதும் மெதுவென்றால் விபிஎன்மேல் பழி போட வேண்டாம், வைஃபையைக் கவனியுங்கள்.

2. விபிஎன் ஓடும்போது, திணறும் செயலியின் முகவரிக்கு டிரேஸ்ரூட் போடுங்கள். முதல் வரியில் வீட்டு ரவுட்டர் (பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) வந்தால் நேர்வழி. வராவிட்டால், டனலைத் தவிர்க்க வேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் அந்த முகவரி விடுபட்டிருக்கலாம். ஐடி பிரிவிடம் சொல்லுங்கள், நீங்களே ரூட்டைத் திருத்தாதீர்கள்.

3. டிஎன்எஸ்ஸைச் சரிபாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீங்கள் மதுரையில், அலுவலக டிஎன்எஸ் ஃபிராங்க்ஃபர்ட்டில் என்றால் அது ஐரோப்பிய சர்வரின் முகவரியைத் தரக்கூடும். பாதை நேர்தான், போய்ச் சேரும் இடம்தான் தொலைவு. விபிஎன் போட்டும் போடாமலும் என்எஸ்லுக்அப் செய்து விடைகளை ஒப்பிடுங்கள். வேறுபட்டால், கிளவுட் பெயர்களை உள்ளூர் டிஎன்எஸ்ஸில் தேடும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

4. டனலில் போகும் செயலியில் பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நின்றால், எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500-லிருந்து 1400-க்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டனலின் கூடுதல் தலைப்புக்கும் பாக்கெட்டில் இடம் வேண்டும்.

5. டீம்ஸில் குரல் மட்டும் வெட்டினால், யுடிபி 3478 முதல் 3481 வரையிலான போர்ட்டுகள் திறந்துள்ளனவா என்று கேளுங்கள். அவை அடைபட்டால் பேச்சு டிசிபிக்கு மாறித் தாமதமாகும்.