கறன்ற் திரும்பி வரும் நேரம்

நின்ற மின்சாரம் திரும்பி வந்து, சில நொடிகளில் மறுபடியும் நின்றுபோவதை நாம் கண்டிருக்கிறோம். உடனே ட்ரான்ஸ்போமரைக் குறை சொல்வோம். அதனுள் நடப்பதை அறிந்தால் நமது மோட்டர்களைக் காத்துக்கொள்ளலாம். இடம்பெயர்ந்து வந்து, கடனில் மோட்டர் வாங்கிய குடும்பத்துக்கு அது எரிந்தால் அந்தப் போகமே போயிற்று.

ட்ரான்ஸ்போமரினுள் இரும்புத் தகடுகளாலான அகணியும் அதைச் சுற்றிக் கம்பிச் சுருள்களும் உண்டு. மின்சாரம் நின்ற பின்பும் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். நமது மின்சாரமோ நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அலைவது. ஆளியைப் போடும் கணம் அந்த அலையின் பொருந்தாத இடத்தில் அமைந்தால், புதிய காந்தம் பழையதன் மேல் ஏறி, இரும்பு கொள்ளும் அளவைத் தாண்டிவிடும். கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலை நினையுங்கள். தண்ணீர் நிற்கிற வாய்க்காலுக்கு மதகை முழுதாகத் திறந்தால் வரம்பு மேவிப் பாயுமல்லவா? அப்படியே சுருளில் மின்னோட்டம் பெருகுகிறது. 33,000 வோல்ற் கம்பியில் தொங்கும் 100 கிலோவோல்ற்-அம்பியர் ட்ரான்ஸ்போமர் முழுச் சுமையில் எடுப்பது 1.75 அம்பியர்தான், அந்தக் கணத்தில் அதன் பத்து மடங்கையும் எடுக்கக்கூடும். சிறியவற்றில் இது விரைவில் தணியும், பெரியவற்றில் பல நொடி நீடிக்கும். இது பழுதன்று, இரும்பின் குணம். இதைத் தாங்கும்படியே அதன் பியூஸைத் தெரிவு செய்கிறார்கள்.

2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது. (குரங்குக்கு இவ்வளவு பலமா என்று சிரித்தவர்கள் பலர்!) அப்படிப்பட்ட வேளையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடுத்தால், அப்போதுதான் எழும்பிய மின்நிலையம் அந்தப் பாய்ச்சலில் மறுபடி விழுந்துவிடும். ஆகவே பகுதி பகுதியாகவே கொடுப்பார்கள். நமது தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரான்ஸ்போமர். இத்தகைய இடங்களிலும் கவலை இதுவே.

ட்ரான்ஸ்போமரின் பாய்ச்சலை நாம் தடுக்க முடியாது. அதன் பின்னால் வரும் நமது பாய்ச்சலைத் தடுக்கலாம். 2 குதிரைவலு மோட்டர் ஓடும்போது சுமார் 10 அம்பியர் எடுக்கும். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு. மேலே சொன்ன ட்ரான்ஸ்போமர் ஒரு கம்பியில் தரக்கூடியது 144 அம்பியர். ஆளி போட்டபடியே விடப்பட்ட மூன்று மோட்டர்கள் ஒரே கம்பியில் ஒன்றாகக் கிளம்பினால் அந்த அளவைத் தாண்டும். வோல்ற் இறங்கும், மோட்டர் சுழலாமல் உறுமும், சுருள் கருகும்.

எனவே கறன்ற் நின்றவுடன் மோட்டர் ஆளியை நிறுத்துங்கள். திரும்பி வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து, பல்ப் மங்காமல் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு அயல் தோட்டக்காரருடன் பேசி, ஒருவர் பின் ஒருவராகப் போடுங்கள். யார் முதலில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் கிணற்றடியில் சண்டை இராது.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் தடித்த கம்பியை வைத்துக் கட்டாதீர்கள். பியூஸ் உருகாவிட்டால் மோட்டர் எரியும், அல்லது ஆள் சாகும். கம்பத்திலுள்ள பியூஸில் நாம் கைவைக்கவே கூடாது. மின்சார அலுவலகத்துக்கு அறிவித்துக் காத்திருங்கள்.