நம் பக்கத்துப் பெரியவர்களை நாமே படம் பிடிப்போம்



சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தை நாம் எல்லோரும் அறிவோம். நம்மில் பலருக்கு அங்கேயுள்ள கஸ்தூர்பா மருத்துவமனையில்தான் பிரசவம் ஆகியிருக்கும். 1947-இல் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம் அம்மா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிறகு டாக்டருக்குப் படித்து, மறுமணமும் செய்துகொண்டவர். 1962-இல் திண்டுக்கல் எம்.பி. ஆனார். இதையெல்லாம் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார்கள். அந்த அம்மாவோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் சொல்வதைப் பத்து நிமிடக் குறும்படமாக எடுத்து வைப்பது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம்.

"கேமரா எல்லாம் நமக்கு எங்கே தெரியும்?" என்று கேட்காதீர்கள். 1984-லேயே அகமதாபாத்தில் சேவா அமைப்புப் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். காய்கறி விற்றவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். இன்று நம் பிள்ளைகளின் செல்போனே போதும்.

யாரைப் படம் பிடிக்கிறோமோ அவரை மட்டுமே காட்டினால் அது மாலை போட்ட போட்டோ மாதிரி ஆகிவிடும். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவை எடுத்துக்கொள்வோம். 1926-இல் நம் பட்டிவீரன்பட்டி பக்கம் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, கணவரோடு அந்தப் பகுதிக்கே போய்த் தங்கி வேலை செய்தார். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலை பேசி வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார். சுமார் 13,000 குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. 2020-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. விருதைக் காட்ட அரை நிமிடம் போதும். பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, "இது என் பேர்ல இருக்கு" என்று சொல்லும் ஒரு பெண்ணுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். முதல் வருஷம் என்ன விதைத்தீர்கள், எத்தனை மூட்டை கண்டது, யார் வயிற்றெரிச்சல் பட்டார்கள் என்று கேளுங்கள். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் அந்த நிலம் இருப்பது நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம். நாம் ஒரு வேனில் போய் ஒரே நாளில் எடுத்துவரும் வேலை இல்லை. அதனால்தான் கூட்டு வேலை. பிறந்த ஊர், படித்த காலம் இதையெல்லாம் நம் குழுக்கள் எடுக்கலாம். நிலத்துக் கதையை அந்தப் பக்கத்துக் குழுக்கள் எடுக்கட்டும். அந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குத்தான் பிடிபடும். அவர்கள் எடுத்ததை வாட்ஸ்அப்பில் வாங்கினால் படம் மங்கிவிடும், பென் டிரைவில் வாங்குங்கள்.

ஒரு ஊருக்கு நாலு பேர் போதும். ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் செல்போனைப் படுக்கவாட்டில் பிடிக்க, ஒருவர் சொன்னதை நோட்டில் எழுத. நாலாவது ஆள்தான் முக்கியம், சத்தத்தைப் பார்ப்பவர். ஃபேனை நிறுத்தணும், டி.வி.யை அணைக்கணும், குக்கரை இறக்கச் சொல்லணும். சின்னாளபட்டியில் தறிச் சத்தத்தை நிறுத்த முடியாது. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழணும், முதுகில் அல்ல.

கூலி, நிலம், சாதி பற்றிப் பேசுகிறவர்கள் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். நாம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அவர்கள் அதே ஊரில், அதே தெருவில் இருக்கணும். படத்தை எங்கே, யாருக்குப் போட்டுக் காட்டுவோம் என்று முதலிலேயே சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். படம் முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். "இந்த வார்த்தை வேண்டாம்மா" என்றால் எவ்வளவு நல்ல காட்சியானாலும் எடுத்துவிட வேண்டும். இதில் பேரம் பேசக்கூடாது. முகம் காட்ட விருப்பமில்லை என்றால் கைகளை மட்டும் எடுக்கலாம். நாற்றுப் பிடித்த கையைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளை உதவட்டும். ஆனால் எது முதலில், எது கடைசியில் என்பதை நாம்தான் முடிவு பண்ணணும். ஒவ்வொரு காட்சியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். எழுத்து வாசிக்க வராத உறுப்பினருக்காகச் சின்னப் படம் வரையுங்கள். மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போகலாம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு குழுவும் உங்கள் பகுதியில் ஊருக்காக உழைத்த ஒருவர் பெயரும், அவரால் வாழ்க்கை மாறிய இரண்டு பேர் பெயரும் எழுதிக்கொண்டு வாங்க. அந்த இரண்டு பேரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.