மூன்றாந் தலைமுறைக் கையடக்கத் தொலைபேசியும் சில்லு உற்பத்தியாளரின் போட்டியும்

க.பொ.த. (சாதாரண தரம்)
தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், வணிகக் கல்வி ஆகிய இரு பாடங்களுக்குமான துணை வாசிப்பு

இப்பகுதியைக் கற்ற பின்னர் உங்களால்,
• கையடக்கத் தொலைபேசியினுள் உள்ள பிரதான சில்லுகளைப் பெயரிட முடியும்.
• சில்லுச் சந்தையில் போட்டி கடுமையாக இருப்பதற்கான காரணங்களை விளக்க முடியும்.
• உற்பத்தி அளவுக்கும் அலகொன்றுக்கான கிரயத்துக்கும் உள்ள தொடர்பைக் கணித்துக் காட்ட முடியும்.

1. அறிமுகம்

மாணவர்களே, கையடக்கத் தொலைபேசியொன்றின் மேலுறையில் ஒரு கம்பனியின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதனைத் திறந்து பார்த்தால் உள்ளேயுள்ள சில்லுகளிற் பல வேறு கம்பனிகளால் வழங்கப்பட்டவையாகக் காணப்படும். தொலைபேசி விற்பனையாளருக்கிடையில் நிகழும் போட்டியை விளம்பரங்களிற் காண்கின்றோம். சில்லு உற்பத்தியாளருக்கிடையில் நிகழும் போட்டி வெளியே தெரிவதில்லை. எனினும் தொலைபேசியின் விலை, வேகம், பற்றரி நிலைக்கும் நேரம் ஆகியவற்றைப் பெருமளவு தீர்மானிப்பது இப்போட்டியே ஆகும்.

தொழினுட்பத் தலைமுறை மாறும் வேளைகளில் இப்போட்டி உச்சத்தை அடைகின்றது. யப்பானின் என்.ரி.ரி. டொகோமோ நிறுவனம் 2001 ஒக்டோபரில் மூன்றாந் தலைமுறைச் சேவையை வர்த்தக ரீதியில் ஆரம்பித்தது. இலங்கையில் டயலொக் நிறுவனம் 2006 இல் இச்சேவையை ஆரம்பித்தது. இம்மாற்றத்தின்போது யார் வென்றனர், யார் வெளியேறினர், ஏன் என்பதை இங்கு நோக்குவோம்.

2. தொலைபேசியினுள் உள்ள பிரதான சில்லுகள்

(அ) மொடெம் சில்லு: குரலையும் தரவையும் வலையமைப்புக்கு ஏற்ற சைகையாக மாற்றும், பெறப்படும் சைகையை மீண்டும் தரவாக மாற்றும்.
(ஆ) பிரயோக முறைவழியாக்கி: திரை, விளையாட்டு, படம், இணையம் போன்றவற்றை இயக்கும்.
(இ) வானொலி மீடிறன் சில்லு: அன்ரனாவுடன் தொடர்புபட்டுச் சைகையை அனுப்பும், பெறும்.
(ஈ) நினைவகச் சில்லு: மென்பொருளையும் தரவையும் சேமிக்கும்.

மூன்றாந் தலைமுறையில் மிகக் கடினமாக அமைந்தது மொடெம் சில்லாகும். புதிய வலையமைப்பு எல்லா இடங்களிலும் இல்லாததால் அச்சில்லு பழைய இரண்டாந் தலைமுறை முறையிலும் இயங்க வேண்டியிருந்தது. வேகம் கூடியதால் கணிப்பு வேலையும் கூடியது. அதனால் வலுச் செலவும் கூடியது. தொடக்க காலத்து மூன்றாந் தலைமுறைத் தொலைபேசிகளின் பற்றரி விரைவில் தீர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. சந்தையில் இருந்த பிரதான போட்டியாளர்

• குவல்கொம் (ஐக்கிய அமெரிக்கா): 1985 இல் சான் டியேகோ நகரில் நிறுவப்பட்டது. சி.டி.எம்.ஏ. தொழினுட்பத்தில் முன்னோடி. மூன்றாந் தலைமுறை முறைகள் இத்தொழினுட்பத்தின் அடிப்படையில் அமைந்தமையால் இக்கம்பனிக்குச் சில்லு விற்பனை, ஆக்கவுரிமைக் கட்டணம் என இரு வருமானங்கள் கிடைத்தன.
• டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (ஐக்கிய அமெரிக்கா): நொக்கியாவின் பிரதான வழங்குநராக விளங்கியது. ஓமாப் என்னும் முறைவழியாக்கியை உற்பத்தி செய்தது.
• இன்டெல் (ஐக்கிய அமெரிக்கா): கணினிச் சில்லுகளில் முதலிடம் வகித்த இக்கம்பனி, எக்ஸ்ஸ்கேல் என்னும் முறைவழியாக்கியுடன் தொலைபேசிச் சந்தையில் நுழைந்தது.
• மீடியாரெக் (தாய்வான்): 1997 இல் நிறுவப்பட்டது. இறுவட்டு இயக்கிகளுக்கான சில்லுகளில் ஆரம்பித்துப் பின்னர் மலிவான தொலைபேசிகளுக்கான சில்லுகளுக்கு வந்தது.

இவற்றைவிட இரு நிறுவனங்களை மறக்கக்கூடாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1990 இல் நிறுவப்பட்ட ஏ.ஆர்.எம். நிறுவனம் முறைவழியாக்கியின் வடிவமைப்பைப் பிறருக்கு உரிமமாக வழங்கி வளர்ந்தது. மேற்கூறிய எக்ஸ்ஸ்கேல், ஓமாப் ஆகிய இரண்டும் இந்த வடிவமைப்பைத் தழுவியவையே. தாய்வானில் 1987 இல் நிறுவப்பட்ட டி.எஸ்.எம்.சி. நிறுவனமோ பிறர் வடிவமைத்த சில்லுகளை உற்பத்தி செய்து கொடுக்கின்றது. இதனால் சொந்தமாகத் தொழிற்சாலை இல்லாத கம்பனியும் சில்லுச் சந்தையில் போட்டியிட முடிந்தது.

4. போட்டி கடுமையாக இருப்பதற்கான காரணங்கள்

(i) வடிவமைப்புக் கிரயம் மிக உயர்வானது

சில்லொன்றை வடிவமைக்கும் செலவு, ஒரு சில்லு விற்றாலும் ஒரு கோடி விற்றாலும் மாறாது. இது நிலையான கிரயமாகும். பின்வரும் கற்பனை உதாரணத்தை நோக்குக.

வடிவமைப்புக் கிரயம் = 2 கோடி டொலர்
ஒரு சில்லைச் செய்யும் மாறும் கிரயம் = 5 டொலர்
10 இலட்சம் சில்லுகள் செய்தால் அலகொன்றின் கிரயம் = 20 + 5 = 25 டொலர்
2 கோடி சில்லுகள் செய்தால் அலகொன்றின் கிரயம் = 1 + 5 = 6 டொலர்

எனவே அதிகம் விற்பவரே மலிவாக விற்கலாம். மலிவாக விற்பவரே மேலும் அதிகம் விற்பார். பின்தங்கியவர் எழுவது கடினம்.

(ii) வாடிக்கையாளர் சிலரே

உலகில் பெரிய தொலைபேசி உற்பத்தியாளர் ஒரு சிலரே உள்ளனர். அவர்களுள் ஒருவரை இழந்தால் சில்லுக் கம்பனியின் வருமானத்தில் பெரும் பகுதி போய்விடும்.

(iii) ஆக்கவுரிமை

பிறருடைய ஆக்கவுரிமையைப் பயன்படுத்தாமல் மொடெம் சில்லைச் செய்வது ஏறக்குறைய இயலாது. இதனால் வழக்குகள் எழுகின்றன. புரோட்கொம், குவல்கொம் ஆகிய கம்பனிகளுக்கிடையிலான நீண்ட வழக்குகள் 2009 ஏப்ரலில் இணக்கமாக முடிந்தன. குவல்கொம் நான்கு ஆண்டுகளில் 89 கோடியே 10 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

(iv) ஒருங்கிணைப்பு

மொடெம், முறைவழியாக்கி இரண்டையும் ஒரே சில்லில் அமைத்தால் இடம், வலு, கிரயம் ஆகிய மூன்றும் குறையும். ஒன்றை மட்டும் செய்யும் கம்பனிக்கு இது பாதகமாகும்.

5. மூன்று கம்பனிகள், மூன்று பாடங்கள்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்: நொக்கியா 2007 இல் தனது சில்லு வழங்குநரின் எண்ணிக்கையைக் கூட்டத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டிலேயே இக்கம்பனி மொடெம் வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. முறைவழியாக்கி மட்டும் எஞ்சியது. ஒருங்கிணைந்த சில்லுகள் சந்தையை நிரப்பியபோது அதற்கும் இடம் குறைந்தது. 2012 இல் தொலைபேசிச் சந்தையைக் கைவிட்டதுடன் 1,700 வேலைகளையும் குறைப்பதாக அறிவித்தது. பாடம்: ஒரே வாடிக்கையாளரில் பெரிதும் தங்கியிருப்பது ஆபத்தானது. அந்த ஆபத்தின் சுமை தொழிலாளரையும் சேர்கின்றது.

இன்டெல்: 2006 இல் எக்ஸ்ஸ்கேல் பிரிவை மார்வெல் கம்பனிக்கு 60 கோடி டொலருக்கு விற்றது. முதலாவது ஐபோனுக்குச் சில்லு வழங்கும் வாய்ப்பும் அதற்குக் கிடைத்திருந்தது. அப்பிள் தரவிருந்த விலை தாம் கணித்த கிரயத்திலும் குறைவு என்பதால் அதனை ஏற்கவில்லை என்று அன்றைய தலைவர் போல் ஒட்டெலினி 2013 இல் கூறினார். கணித்த கிரயம் பிழையென்றும் விற்பனை அளவு எவரும் நினைத்ததைவிட நூறு மடங்கு என்றும் அவரே ஒப்புக்கொண்டார். மேலேயுள்ள கணக்கை மீண்டும் பாருங்கள். அளவைப் பிழையாக மதிப்பிட்டால் கிரயமும் பிழையாகும்.

மீடியாரெக்: சில்லை மட்டுமன்றி, தொலைபேசியைச் செய்வதற்கான மென்பொருளையும் மாதிரி வடிவமைப்பையும் சேர்த்து வழங்கியது. இதனால் சீனாவின் ஷென்சென் நகரிலிருந்த சிறிய கம்பனிகளும் குறைந்த காலத்தில் தொலைபேசி தயாரித்தன. பாடம்: பெரியவர்கள் கவனிக்காத வாடிக்கையாளரிடமும் ஒரு சந்தை உண்டு.

6. பின்னைய நிலை

நான்காம், ஐந்தாம் தலைமுறைகளிலும் இதே போக்கு தொடர்ந்தது. 2011 இல் இன்ஃபினியன் கம்பனியின் மொடெம் பிரிவை வாங்கி மீண்டும் வந்த இன்டெல், 2019 இல் தொலைபேசிக்கான ஐந்தாந் தலைமுறை மொடெம் முயற்சியைக் கைவிட்டது. அப்பிரிவின் பெரும் பகுதியை அப்பிள் வாங்கியது. 2025 இல் அப்பிள் தனது சொந்த மொடெமைக் கொண்ட முதலாவது ஐபோனை வெளியிட்டது. வாடிக்கையாளரே போட்டியாளராக மாறியமைக்கு இது சிறந்த உதாரணமாகும்.

அரசாங்கங்களின் தீர்மானமும் போட்டியைப் பாதிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் 2020 ஆம் ஆண்டுக் கட்டுப்பாடுகளால் சீனாவின் ஹுவாவி கம்பனிக்கு டி.எஸ்.எம்.சி. சில்லு உற்பத்தி செய்து கொடுக்க முடியாமற் போனது. 2023 இல் ஹுவாவி சீனாவிலேயே உற்பத்தி செய்யப்பட்ட சில்லுடன் புதிய தொலைபேசியை வெளியிட்டது.

நினைவிற் கொள்க
• வடிவமைப்பு, உற்பத்தி, உரிமம் வழங்கல் ஆகியன வெவ்வேறு தொழில்கள்.
• நிலையான கிரயம் உயர்ந்த தொழிலில் விற்பனை அளவே உயிர்நாடி.
• விடையில் கம்பனிப் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. யப்பானில் மூன்றாந் தலைமுறை வர்த்தகச் சேவை ஆரம்பமான ஆண்டு
(1) 1991 (2) 1997 (3) 2001 (4) 2006

2. பிறர் வடிவமைத்த சில்லுகளை உற்பத்தி செய்து கொடுக்கும் நிறுவனம்
(1) ஏ.ஆர்.எம். (2) டி.எஸ்.எம்.சி. (3) நொக்கியா (4) மீடியாரெக்

3. வடிவமைப்புக் கிரயம் 3 கோடி டொலர், அலகொன்றின் மாறும் கிரயம் 4 டொலர் எனின், 1 கோடி சில்லுகள் செய்யும்போது அலகொன்றின் மொத்தக் கிரயம்
(1) 3 டொலர் (2) 4 டொலர் (3) 7 டொலர் (4) 12 டொலர்

4. “சில்லுச் சந்தையில் சிறந்த தொழினுட்பம் மட்டும் வெற்றிக்குப் போதாது.” இக்கூற்றை இரு உதாரணங்களுடன் விளக்குக.

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (3)

வினா 4 இற்கான விடைக் குறிப்பு: தொழினுட்பத் திறன் இருந்தும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிரதான வாடிக்கையாளரின் தீர்மானத்தாலும் மொடெம் இல்லாமையாலும் விலகியது. கணினிச் சில்லுகளில் முதலிடம் வகித்தும் இன்டெல் விற்பனை அளவைக் குறைவாக மதிப்பிட்டதால் வாய்ப்பை இழந்தது. எனவே வாடிக்கையாளர் தொடர்பு, சரியான கிரய மதிப்பீடு, ஒருங்கிணைப்பு, ஆக்கவுரிமை ஆகியனவும் அவசியம் என முடிக்க.