அம்புக்குறி போட்டால் வெக்டர் ஆகிவிடுமா?

நம்பிக்கை: அளவும் திசையும் இருந்தால் அது வெக்டர்.

பிளஸ் ஒன் மாணவர் யாரைக் கேட்டாலும் ஒப்பிக்கும் வரி இது. தவறில்லை, ஆனால் பாதிதான். மின்னோட்டம் இந்தப் பக்கம் ஓடுகிறது என்று கம்பியில் அம்புக்குறி போடுகிறோம், இத்தனை ஆம்பியர் என்று அளவும் சொல்கிறோம். ஆனாலும் அது ஸ்கேலர். 3 ஆம்பியர் ஓடும் கம்பியும் 4 ஆம்பியர் ஓடும் கம்பியும் ஒரு சந்தியில் சேர்ந்தால் மூன்றாவது கம்பியில் 7 ஆம்பியர் வெளியேறும். கம்பிகளை எப்படி வளைத்தாலும் 7தான். அதுவே 3 நியூட்டன், 4 நியூட்டன் விசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒரு பொருளை இழுத்தால் கிடைப்பது 5 நியூட்டன். கோணத்தை மாற்றினால் 1 முதல் 7 வரை எதுவும் வரலாம். கூட்டும்போது இணைகர விதிக்குக் கட்டுப்படுகிறதா? அதுதான் சோதனை.

இதைவிட வேடிக்கை சுழற்சி. ஒரு புத்தகத்தை அட்டை மேலே தெரிய, படிக்கும் வாக்கில் மேசையில் வையுங்கள். எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கும். நின்ற நிலையிலேயே, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றுக்கு எதிராக 90 டிகிரி திருப்புங்கள். அட்டை வலப்பக்கம் பார்க்கிறதா? இனி வரிசையை மாற்றுங்கள். படுத்திருக்கும் புத்தகத்தை முதலில் அதேபோல் திருப்பிவிட்டு, பிறகு எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்குங்கள். அட்டை உங்களைத்தான் பார்க்கும், தலைப்பு பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். அளவு உண்டு, அச்சின் திசை உண்டு. ஆனால் முன்பின் மாற்றினால் விடை மாறுகிறது. எனவே இத்தகைய பெரிய சுழற்சிகள் வெக்டர் அல்ல. மிக மிகச் சிறிய சுழற்சிகளில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதனால்தான் கோணத் திசைவேகம் மட்டும் வெக்டராகத் தேறுகிறது.

நம்பிக்கை: அம்பை இடம் மாற்றினால் வெக்டரும் மாறிவிடும்.

இல்லை. நீளமும் திசையும் மாறாதவரை தாளில் எங்கே வரைந்தாலும் அதே வெக்டர்தான். கதவைக் கைப்பிடியருகே தள்ளுவதும் கீலருகே தள்ளுவதும் வேறுதானே என்பீர்கள். அங்கே மாறுவது விசை அல்ல, திருப்பு விசை.

நம்பிக்கை: புள்ளிப் பெருக்கல் வேறு, குறுக்குப் பெருக்கல் வேறு, இரண்டையும் தனித்தனியே உருப்போட வேண்டியதுதான்.

பாடநூல்கள் அப்படித்தான் எண்ண வைக்கின்றன. யார், எதற்காகப் பிரித்தார்கள் என்று சொல்வதே இல்லை. 1843இல் டப்ளினில் வில்லியம் ரோவன் ஹாமில்டன் குவாட்டர்னியன் என்ற நான்கு கூறு எண்களைக் கண்டுபிடித்தார். நாம் இன்றும் எழுதும் ஐ, ஜே, கே அங்கிருந்து வந்தவை. இரண்டு வெக்டர்களை அவர் முறையில் பெருக்கினால் ஒரே விடையில் இரு பகுதிகள் வரும்: ஒன்று குறிமாறிய புள்ளிப் பெருக்கல், மற்றொன்று குறுக்குப் பெருக்கல். இயற்பியலுக்கு இந்தக் கலவை தொல்லையாக இருந்ததால், 1880களில் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே இரண்டையும் பிரித்தெடுத்தார்கள். குவாட்டர்னியன் ஆதரவாளர்கள் சும்மா விடவில்லை. 1890களில் ‘நேச்சர்’ இதழிலேயே இரு தரப்பும் மோதிக்கொண்டன.