வீட்டுக்குள்ளும் இடுப்பில் துப்பாக்கியா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு. மகனுக்கு 13 வயது, மகளுக்கு 6. போன தீபாவளிக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு இந்தியக் குடும்பத்தின் வீட்டை உடைத்து நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் என் கணவர் முறைப்படி ஒரு பிஸ்டல் வாங்கினார், பயிற்சியும் எடுத்துக்கொண்டார். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. இப்போது காலையில் குளித்துவிட்டு வந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை வீட்டுக்குள்ளேயே அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் அது இருக்கிறது. கேட்டால், "திருடன் வந்தபிறகு பெட்டியைத் திறந்துகொண்டிருக்க முடியுமா? என் இடுப்பில் இருந்தால்தான் பிள்ளைகள் கைக்கும் போகாது" என்கிறார். அடுத்த மாதம் மாமியார் வருகிறார், ஆறு மாதம் இருப்பார். எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் வார இறுதிகளில் வந்து தங்குவான். நான் வீணாகப் பயப்படுகிறேனா, அவர் வீணாகப் பயப்படுகிறாரா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு நிலைமையில் நாள் முழுக்க இடுப்பில் துப்பாக்கி தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே சமயம் உங்கள் கணவரின் வாதத்தில் பாதி சரி. அந்தப் பாதியை நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டால், துப்பாக்கி இடுப்பிலிருந்து இறங்கி மேசை டிராயருக்குப் போகும். அது இதைவிட மோசம்.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசையைப் பூட்டியோதான் வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகரச் சட்டமும் அந்தத் தீர்ப்பில் அடிபட்டது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி சட்டப்படி தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே பொது இடங்களில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். சொந்த வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அதற்கு முன்பும் தடை இருந்ததில்லை. ஆகவே கேள்வி உரிமையைப் பற்றியது அல்ல, புத்திசாலித்தனத்தைப் பற்றியது.

வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும் என்று சொல்லும் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் உண்டு. உங்கள் கணவர் சொல்வது அவர்களுடைய வாதம்தான். உடம்போடு இருக்கும் துப்பாக்கி சொந்தக்காரரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தலையணைக்கு அடியிலோ, அலமாரி மேலோ, கைப்பையிலோ இருப்பது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில் இரண்டு வயது மகன் தாயின் கைப்பைக்குள் கையை விட்டான். உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவரும் முறையான உரிமம் பெற்றவர்தான். டிராயரோடு ஒப்பிட்டால் இடுப்பு பாதுகாப்பானது. ஆனால் ஒப்பிட வேண்டியது டிராயரோடு அல்ல, நல்ல பூட்டுப் பெட்டியோடு.

இடுப்பில் எங்கே இடறுகிறது?

வெளியே போகும்போது கெட்டியான பெல்ட், விசையை முழுதாக மூடும் உறுதியான உறை, கால்சட்டை என்று எல்லாம் இருக்கும். வீட்டில் நம் ஆட்களுக்கு லுங்கியும் தொளதொள பைஜாமாவும்தானே! இவை எதுவும் குண்டு ஏற்றிய பிஸ்டலின் எடையைத் தாங்காது. சரிந்துவிடும், சரிசெய்யக் கை போகும். உறைக்குள் திரும்பச் செருகும்போது சட்டை நுனியோ நாடாவோ விசையில் மாட்டி வெடித்த விபத்துகள் பயிற்சி உலகில் எல்லோருக்கும் தெரிந்தவை.

அடுத்தது கழற்றும் நேரம். குளியலறைக்குப் போகும்போது, சோபாவில் சாயும்போது, மகள் ஓடிவந்து மடியில் ஏறும்போது "ஒரு நிமிஷம்" என்று எங்காவது வைத்தாக வேண்டும். ஆபத்து அந்த ஒரு நிமிஷத்தில்தான். வீட்டில் ஓய்வாக இருக்கும் மனிதன் நாள் முழுக்க விழிப்போடு இருக்க முடியாது. ஆனால் துப்பாக்கி அணிகிறவனிடம் அது அதைத்தான் கேட்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2003 முதல் 2007 வரை நடந்த வீட்டுத் திருட்டுகளை ஆராய்ந்தது. ஆண்டுக்குச் சராசரி 37 லட்சம். அவற்றில் நூற்றுக்கு 28-ல்தான் வீட்டில் ஆள் இருந்தார்கள். நூற்றுக்கு 7-ல்தான் வீட்டார் மீது வன்முறை நடந்தது. அந்த வன்முறையிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்தவர்கள் வீட்டாருக்குத் தெரிந்தவர்கள். அதாவது பெரும்பாலான திருடர்கள் ஆள் இல்லாத வீட்டைத் தேடுகிறவர்கள். ஆளில்லாத நேரத்தில் உங்கள் கணவரின் இடுப்பும் வீட்டில் இருக்காது.

இருந்தாலும் உங்கள் தெருவில் நடந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011 முதல் 2014 வரை டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்து ஒரு கும்பல் புகுந்தது. வீட்டில் ஆள் இருக்கும்போதே புகுந்து, கட்டிப்போட்டுக் கொள்ளையடித்தார்கள். அதன் தலைவிக்கு 2019-ல் 37 ஆண்டு சிறை விதித்தார்கள். கும்பலை ஈர்த்தது நம் வீடுகளில் தங்கமும் ரொக்கமும் இருக்கும் என்ற நம்பிக்கை. இதற்கு மருந்து என்ன என்று பிறகு சொல்கிறேன்.

துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே உண்டு. கேரி கிளெக் 1995-ல் ஆண்டுக்கு 25 லட்சம் முறை என்றார். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் இது ஏறத்தாழ ஒரு லட்சமோ அதற்கும் கீழோதான் வருகிறது. எது சரியானாலும் தற்காப்பு நடக்கிறது என்பது உண்மை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆர்தர் கெல்லர்மன் குழு மூன்று நகரங்களில் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுத் துப்பாக்கி தற்காப்புக்காக ஒருமுறை சுட்டதென்றால், தவறுதலாக 4 முறையும், தாக்குதலிலோ கொலையிலோ 7 முறையும், தற்கொலை முயற்சியில் 11 முறையும் சுட்டிருந்தது. சுடாமல் காட்டி மட்டுமே விரட்டியது இதில் சேராது என்று எதிர்த்தரப்பு சொல்வது நியாயமான குறைதான். ஆனால் 2022-ல் வந்த கலிஃபோர்னியா ஆய்வு இன்னும் பெரியது. தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு வாழும் பெரியவர்கள் கொலையாகும் வீதம், துப்பாக்கியே இல்லாத வீட்டில் வாழ்பவர்களைவிட இரு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்.

நான் அதிகம் யோசிப்பது உங்கள் மகனைப் பற்றி. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. 13 வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண்ணோ, நட்பு முறிவோ, அப்பாவின் ஏச்சோ ஒரு மாலை நேரத்தில் உலகமே முடிந்ததுபோல் தோன்றலாம். அந்த மாலையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சொந்தக்காரர் விழித்திருக்கும்வரை இடுப்பு பாதுகாக்கும், அவர் தூங்கினாலும் பூட்டு பாதுகாக்கும்.

சுட வேண்டி வந்தால்?

உங்கள் வீட்டுச் சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் அல்ல. மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. 9 எம்.எம். குண்டு அதைப்போல் பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். வரவேற்பறையில் குறி தவறினால் குண்டு நிற்பது பிள்ளைகளின் அறையிலாக இருக்கலாம். ஆகவேதான் துப்பாக்கிப் பாதுகாப்பின் நான்கு அடிப்படை விதிகளில் ஒன்று, இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் சுடாதே என்பது.

ஆளை அடையாளம் தெரியாமல் சுடுவது இன்னும் கொடுமை. 1992-ல் லூயிசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் வீடு தெரியாமல் வேறொரு வீட்டு வாசலுக்குப் போனான். வீட்டுக்காரர் சுட்டதில் இறந்தான். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார், உரிமையியல் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். 2023 ஏப்ரலில் மிசோரி மாநிலம் கான்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்து வரப் போய், தவறான வீட்டின் மணியை அடித்த 16 வயதுப் பையனுக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம். இந்தியாவிலிருந்து வரும் உங்கள் மாமியாருக்கு முதல் சில வாரம் இரவு மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும். இருட்டில் அடுப்படிக்கு நடப்பார். உங்கள் கணவர் பயிற்சி எடுக்க வேண்டியது அந்தக் காலடிச் சத்தத்துக்கும்தான்.

விசாவும் சட்டமும்

டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் குண்டு ஏற்றிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விடுவது குற்றம். அதைப் பிள்ளை சுட்டு உயிரோ பலத்த காயமோ ஏற்பட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தவும் குடியேற்றச் சட்டத்தில் இடமிருக்கிறது.

உங்கள் தம்பிக்கு இன்னும் கடுமை. எச்-1பி, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கையில் எடுத்தால்தான் என்பதில்லை. பெட்டியின் எண் தெரிந்து, நினைத்தபோது எடுக்கலாம் என்ற நிலையே வம்பாகலாம். ஆகவே பெட்டி எண்ணைத் தம்பிக்கும் மாமியாருக்கும் சொல்ல வேண்டாம். "பிடித்துப் பார் மாப்பிள்ளை" என்று விளையாட்டுக்கும் நீட்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் தங்கத்தை வெளியேற்றுங்கள். அன்றாடம் போடுவது தவிர மற்றதெல்லாம் வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்துக்குப் போகட்டும். விசேஷத்துக்குப் போட்ட நகைகளின் படத்தை ஊரறியப் போடாதீர்கள்.

இரண்டாவது, கதவு. கதவு நிலையில் பூட்டு நாக்கு நுழையும் இரும்புத் தகட்டுக்கு மூன்று அங்குலத் திருகாணி போடுங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவையும் பூட்டுங்கள். அதைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள். வாசலில் கேமரா, அலாரம் இரண்டும் வையுங்கள். தற்காப்புக்கு வேண்டியது நேரம். அதைத் தருவது உறுதியான கதவு.

மூன்றாவது, படுக்கையறையில் சுவரோடோ கட்டிலோடோ இறுக்கிப் பொருத்திய சிறிய பூட்டுப் பெட்டி. இருட்டில் விரலால் எண் அழுத்தி சில நொடியில் திறக்கும் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. "பெட்டியைத் திறந்துகொண்டிருக்க முடியுமா" என்ற கேள்விக்கு இதுவே பதில். தினமும் திறந்து பழகச் சொல்லுங்கள். எண் பிள்ளைகளின் பிறந்தநாளாக இருக்கக்கூடாது.

நான்காவது, துப்பாக்கிக்கு வீட்டில் இரண்டே இடம்: சரியான உறையில் அவர் இடுப்பு, அல்லது அந்தப் பெட்டி. மூன்றாவது இடம் கிடையாது, ஒரு நிமிஷத்துக்கும் கிடையாது. உங்கள் வீட்டில் வழக்கமான இடம் பெட்டியாக இருக்கட்டும். நள்ளிரவில் கண்ணாடி உடைந்தாலோ குறிப்பிட்ட ஒருவர் மிரட்டினாலோ மட்டும் இடுப்புக்கு வரட்டும். அவர் மது அருந்தும் மாலைகளில் பெட்டி திறக்கவே கூடாது.

ஐந்தாவது, திட்டம். யாராவது நுழைந்தால் எல்லோரும் ஒரே அறைக்குள் வந்து, கதவைப் பூட்டி, 911-ஐ அழைக்க வேண்டும். தேடிப் போகக்கூடாது. மாமியார் வந்த அன்றே அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு வந்தாலோ, கணவன் மனைவி சண்டை முற்றினாலோ, துப்பாக்கி அந்த நாட்களில் வீட்டைவிட்டே வெளியே, சட்டப்படி வைக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். 988 என்ற எண்ணில் இரவு பகலாக உதவி கிடைக்கும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனியாக வாழும் ஒரு பெண், நீதிமன்றத் தடையை மீறித் துரத்தும் முன்னாள் கணவனுக்கு அஞ்சி, நல்ல பயிற்சியோடு வீட்டுக்குள் துப்பாக்கி அணிகிறாள் என்றால் நான் தடுக்கமாட்டேன். குழந்தைகளும் விருந்தாளிகளும் நடமாடும் உங்கள் வீடு வேறு. நான் நடத்தும் துப்பாக்கிப் பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "இந்த நிமிஷம் உங்கள் துப்பாக்கி எங்கே இருக்கிறது? யார் யார் அதைத் தொட முடியும்?" என்பதுதான். இன்று இரவு உங்கள் கணவரிடம் இதைக் கேளுங்கள். தயங்காமல் "பெட்டியில், என்னால் மட்டும்" என்று அவர் சொல்லும்வரை, பயப்படுவது உங்கள் உரிமை.